நீ சொல்லவில்லை

நாட்றாம்பாளையம்
12-6-1967

சே. ம. சூ. (சேசு மரி சூசை)

அன்புள்ள முனிவேலுக்கு அற்புதராஜ் எழுதிக்கொண்டது. நான் சுகம். உன் சுகமும் உன் மனைவி செல்வம்மாள் சுகமும் உன் அப்பா திம்மப்பன் அவர்கள் சுகமும் அறிய ஆசை.

மார்ச் மாதம் கம்பெனியை விட்டு நின்றவன் உனக்கு ஒரு வரி எழுத மூன்று மாதம் ஆகியிருக்கிறது. தாமதத்துக்கு ஏதாவது காரணம் எழுதலாம் என்று பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

இப்போது நான் இருப்பது அஞ்செட்டிக்கு அப்பால், மலைக்குள். இங்கே ஒரு மிஷன் மருந்தகம் இருக்கிறது. ஓட்டுக் கட்டிடம், இரண்டு அறை, பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். தண்ணீர் இறைக்க டீசல் என்ஜின் ஒன்று உண்டு. அதை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. மற்ற நேரத்தில் காட்டோரத்துச் சனங்கள் புண்ணும் காயமுமாக வருவார்கள். நர்ஸ் கட்டுப் போடும்போது வெந்நீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

உன் கை எப்படி இருக்கிறது? மூன்று விரல் போனதாகச் சொன்னார்கள். மீதி இரண்டும் மடங்குகிறதா?

பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு நாள் வந்தேன். வார்டு வாசல்வரை வந்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.

ஆறு வருஷம் ஒரே பிரஸ்ஸில் நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று தகர டப்பா அடித்தோம். ஒரு தூக்குச் சட்டியில் சாப்பிட்டோம். எதையும் நான் மறக்கவில்லை. தினமும் காலையில் உனக்காகச் செபம் செய்கிறேன்.

இப்படிக்கு,
அற்புதராஜ்


தொரப்பள்ளி
3-7-1967

திரு. அற்புதராஜ் அவர்களுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும். செல்வம்மாள் எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

உங்கள் செபம் வந்து சேர்ந்தது. விரல்கள் வந்து சேரவில்லை. மீதி இரண்டில் கட்டைவிரல் மடங்குகிறது. சுண்டுவிரல் மரக்குச்சி மாதிரி நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் நான் தூங்கவில்லை. உங்கள் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். வாசலில் நின்றதும் தெரியும். கூப்பிடுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் ஒரே கேள்வி. பிரஸ்ஸில் தகடு சிக்கினால் நீங்கள் சுவிட்சை நிறுத்த வேண்டும். நான் கையை விட்டுத் தகட்டை எடுக்க வேண்டும். கையை வெளியே எடுத்த பிறகு நான் "போடு" என்பேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் சுவிட்சைப் போட வேண்டும். ஆறு வருஷத்தில் நான் சொல்லாமல் நீங்கள் போட்டதில்லை. பேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரித்தபோது, "முனிவேல் போடு என்று சொன்னான், அதனால் போட்டேன்" என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். என்னை அவர் ஆஸ்பத்திரியில் வந்து கேட்டார். மயக்க மருந்தில் இருந்தேன். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

கம்பெனி கொடுத்த பணத்தை அப்பா வாங்கிக்கொண்டார். அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. நான் கேட்பது இதுதான். நான் சொன்னேனா, சொல்லவில்லையா? ஒரு சொல்லில் பதில் எழுதவும்.

முனிவேல்


நாட்றாம்பாளையம்
20-8-1967

சே. ம. சூ.

அன்புள்ள முனிவேலுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. நீ என்னை நீங்கள் என்று எழுதியிருப்பதைத் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு மோட்டார் சத்தம், பக்கத்து பிரஸ்ஸின் சத்தம், நாராயணப்பன் மேஸ்திரி வேறு பின்னால் நின்று "பேக, பேக" என்று கன்னடத்தில் விரட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? எல்லாம் ஆண்டவருக்குத் தெரியும்.

இங்கே நர்ஸ் ஜெபசீலி என்று ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். என் வயதுதான் இருக்கும். எங்கள் சபை இல்லை, சி.எஸ்.ஐ. சபை, என்றாலும் நாலு வருஷமாக இந்த மருந்தகத்தை நடத்துவது அவர்தான். காலையில் கதவைத் திறக்கும் முன் அரை மணி நேரம் கோயில் தரையில் உட்கார்ந்திருப்பார். கையில் புத்தகம் இல்லை. வாயில் மந்திரம் இல்லை. ஒரு நாள், "என்ன வேண்டிக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டிக்கிடல. அவரு இருக்காரு, நானும் இருக்கேன். அவ்வளவுதான். நீரும் வேணும்னா இரும்" என்றார்.

அன்றிலிருந்து நானும் உட்காருகிறேன். மூச்சை இழுக்கும்போது "ஆண்டவரே", விடும்போது "இரக்கமாயிரும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது. வேறொன்றும் செய்யக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஓடவில்லை.

இந்தக் கடிதத்தோடு நர்ஸ் கொடுத்த தைலம் ஒரு குப்பி அனுப்புகிறேன். தேன்கனிக்கோட்டை பஸ் கண்டக்டர் உங்கள் ஊர் வெங்கடம்மாள் கடையில் கொடுப்பார். வலி இருக்கும் இடத்தில் தேய்த்து வா. நல்லபடியாகும்.

அற்புதராஜ்


தொரப்பள்ளி
9-9-1967

திரு. அற்புதராஜ் அவர்களுக்கு,

ஒரு சொல் கேட்டேன். மூன்று பக்கம் வந்தது. அந்தச் சொல் அதில் இல்லை.

உங்கள் தைலத்தை எருதின் கழுத்துப் புண்ணுக்குப் போட்டேன். ஆறிவிட்டது. நர்ஸ் அம்மாவிடம் சொல்லுங்கள்.

எனக்கு வலிக்கிற இடத்தில் விரலே இல்லை. இல்லாத நடுவிரல் வலிக்கிறது. டாக்டர் அப்படித்தான் இருக்கும் என்கிறார். அதில் எங்கே தைலம் தேய்ப்பது?

ஊரில் எனக்குப் பேர் மாறிவிட்டது. டீக்கடைக்குப் போனால், "என்னா போடு, டீ போடட்டா?" என்கிறான். உட்கார்ந்திருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். செல்வம்மாளின் அண்ணன் வீட்டுக்கு வந்து, "நீயே கத்திகினு நீயே கைய உட்டா மிஷினு என்னா பண்ணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா பதில் பேசவில்லை. அவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இதெல்லாம் போகட்டும். என் நிலைமை என்னவென்றால், எனக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ஏர் ஓட்டும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அந்த நிமிஷத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒரு தடவை நினைத்தால் சொல்லவில்லை என்று இருக்கிறது. பத்து தடவை நினைத்தால் என் வாயிலிருந்து அந்தச் சத்தம் வருவதே கேட்கிறது. கையை உள்ளே வைத்துக்கொண்டே சொல்லியிருந்தால் எனக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவன் இனி எந்த வேலையை நம்பிச் செய்வான்? அரிவாளை எடுக்கப் பயமாக இருக்கிறது. கிணற்றில் இறங்கப் பயமாக இருக்கிறது.

ஒன்று நான் பைத்தியக்காரன். இல்லை, நீங்கள் பொய்யர். எது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆண்டவருக்குத் தெரிந்து எனக்கு ஆவதென்ன?

பதில் இல்லையென்றால் இனிமேல் கடிதம் வேண்டாம்.

முனிவேல்


நாட்றாம்பாளையம்
26-11-1967

முனிவேலு,

நீ சொல்லவில்லை.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி நீ இதைக் கிழித்துப் போட்டாலும் சரி.

நடந்ததை எழுதுகிறேன். தகடு சிக்கியது. நான் சுவிட்சை நிறுத்தினேன். நீ குனிந்து கையை விட்டாய். நாராயணப்பன் என் தோளைத் தட்டி, இன்னும் நானூறு டப்பா போக வேண்டும், லாரி நிற்கிறது என்று சொன்னார். நான் அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஆச்சு, ஆச்சு" என்றேன். சொல்லிக்கொண்டே கை தானாகப் போய் சுவிட்சைப் போட்டுவிட்டது. உன்னைப் பார்க்கவில்லை. உன் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வந்தது அதற்குப் பிறகுதான்.

கை போகாமல் தடுக்க முன்னால் ஒரு கம்பிக் கூண்டு இருந்ததே, அது இருந்திருந்தால் நீ கூண்டுக் கம்பி வழியாகக் கொக்கியை விட்டுத்தான் தகட்டை எடுத்திருப்பாய். வேலை மெதுவாகிறது என்று தீபாவளிக்கு முன்பே அதைக் கழற்றச் சொன்னார் மேஸ்திரி. கழற்றியது நீயும் நானும்தான்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் நாராயணப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பார்க்காமல் போட்டேன்னு சொன்னா உன்னைப் போலீஸ் கொண்டு போகும். அவன் சொன்னான்னு சொல்லு. அவனுக்குப் போன விரல் எப்படியும் வராது" என்றார். நான் பயந்தேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லி முடித்ததும் இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவு எளிதாக முடிந்தது.

இப்போது எழுதக் காரணம் என்ன என்று கேட்பாய். தரிசனம் எதுவும் காணவில்லை. காலையில் உட்காருகிறேன் என்று எழுதினேன் அல்லவா? அமைதி கிடைக்கும் என்றுதான் உட்கார்ந்தேன். கிடைத்தது வேறு. மூச்சோடு ஆண்டவரின் பேரைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் இன்ஸ்பெக்டரிடம் நான் பேசிய குரல் வரும். எழுந்து வெளியே வந்தால் போய்விடும். என்ஜின் ஓட்டினால் போய்விடும். உட்கார்ந்தால் மறுபடி வரும். உட்காருவதையே நிறுத்திவிடலாம் என்று ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன். அந்த வாரத்தில்தான் உன் கடிதம் வந்தது. உன் வாயிலிருந்து சத்தம் வருவது உனக்கே கேட்கிறது என்று எழுதியிருந்தாய். விரலை எடுத்தது போதாமல் உன் புத்தியிலும் கை வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் எழுதவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருக்கும்போது ஜெபசீலி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? காயம் அவருகிட்டல்லா இருக்கு. அங்க போயி சொல்லும்" என்றார். மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவரும் அதையேதான் சொன்னார்.

உனக்குப் புத்தி பிசகவில்லை. அரிவாளை எடு. கிணற்றில் இறங்கு. பிசகியது என்னிடம்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அற்புதராஜ்


தொரப்பள்ளி
10-12-1967

அற்புதராஜுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு செல்வம்மாளிடம் கொடுத்து அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நான் உன்னைக் கேட்டிருக்கணும்டா" என்றார். அவ்வளவுதான் பேசினார். அவர் அவ்வளவு பேசுவதே அதிகம்.

பத்து மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். அதற்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். என்னுடையதை எடுத்தாய், திருப்பிக் கொடுத்தாய். படித்ததும் உன்னை வெட்ட வேண்டும் போல இருந்தது. தெரியாமல் சுவிட்சைப் போட்டதை நான் எப்போதோ விட்டிருப்பேன், யாருக்கும் நடக்கும். தெரிந்து சொன்ன பொய்யை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று கேள். உன் இடத்திலும் என் இடத்திலும் இப்போது புது ஆட்கள். பிரஸ்ஸில் நிற்பவன் பெயர் வெங்கடசாமி. பாகலூர்ப் பக்கம். கல்யாணமாகி மூன்று மாதம். கூண்டு இன்னும் மாட்டவில்லை. சந்தையில் பார்த்து, கூண்டு கேளுடா என்றேன். "நீதானே அண்ணா போடுன்னு சொன்ன, கூண்டு என்னா பண்ணும்?" என்று என்னையே கேட்கிறான். உன் பொய் அங்கே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

எனக்குத் தனியாகக் கடிதம் எழுதினால் போதாது. யார் முன்னால் பொய் சொன்னாயோ அவர்கள் முன்னால் வந்து சொல். நீ அங்கே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். பிரஸ் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

முனிவேல்


நாட்றாம்பாளையம்
22-1-1968

முனிவேலு,

பொங்கல் கழிந்த மறுவாரம் புறப்பட்டேன். மருந்தகத்தில் சொல்லிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அஞ்செட்டி வந்து பஸ் ஏறினேன். தேன்கனிக்கோட்டையில் ஓசூர் பஸ்ஸுக்காக இறங்கினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கூப்பிட்டார். நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை. ஸ்டாண்டில் ஒரு போலீஸ்காரர் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சாயங்காலம் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

ஜெபசீலி அம்மா கேட்டார். உண்மையைச் சொன்னேன். "சரி, சாப்பிடும்" என்றார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. எழுந்து ஓடாமல் அந்த வெட்கத்தோடேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்த பிறகு சேலம் இன்ஸ்பெக்டருக்கு, நான் சொன்னது பொய் என்று நாலு வரி எழுதி ரிஜிஸ்தர் தபாலில் போட்டேன். இது உனக்குப் போதாது என்று தெரியும். நேரில் வருவேன். எப்போது என்று சொல்லத் தைரியம் இல்லை.

அற்புதராஜ்


தொரப்பள்ளி
4-2-1968

அற்புதராஜுக்கு,

நீ தேன்கனிக்கோட்டைவரை வந்த கதையைப் படித்துச் செல்வம்மாள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

என் கதையையும் கேள். போன மாதம் கம்பெனியில் கூண்டைப் பற்றிச் சண்டை போடுவதென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். கேட்டுக்கு எதிரே புளியமரம் இருக்கிறதல்லவா, அதுவரை போனேன். உள்ளே பிரஸ் அடிக்கிற சத்தம் கேட்டதும் நின்றுவிட்டேன். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

தபால் போட்டது சரி. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டால் போய்ச் சொல். கூப்பிடாவிட்டாலும் போ. கம்பெனிக்கு வரும் நாளை மட்டும் எனக்கு எழுது. புளியமரத்தடியில் நிற்கிறேன்.

முனிவேல்


நாட்றாம்பாளையம்
20-4-1968

சே. ம. சூ.

அன்புள்ள முனிவேலுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உயிர்ப்புத் திருநாள் இங்கே எளிமையாக நடந்தது. பூசை இப்போது தமிழில்தான். காட்டுச் சனங்களும் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள்.

நீ நேரில் பார்த்ததை நான் எழுத வேண்டியதில்லை. பார்க்காததை எழுதுகிறேன்.

சேலத்தில் இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "அன்னிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே? பொய் சாட்சி சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அன்றைக்குச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புதுக் காகிதம் எடுத்தார்.

கம்பெனிக்குள் உன்னை விடாமல் புளியமரத்தடியிலேயே நிறுத்திவிட்டார்கள் அல்லவா? அங்கே நாராயணப்பன் சத்தியம் செய்தார், நான் குடித்துவிட்டு உளறுகிறேன் என்று. முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் அந்தப் பிரஸ் முன்னால் என்னை நிறுத்தி, எப்படி நடந்தது என்று செய்து காட்டச் சொன்னார். உன் இடத்தில் வெங்கடசாமி நின்றான். குனியச் சொன்னார். குனிந்தான். என்னை முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைத் தொடச் சொன்னார். மெயின் நிறுத்தித்தான் இருந்தது. ஆனாலும் என்னால் தொட முடியவில்லை. "முடியலைங்க சார்" என்றேன். எல்லா பிரஸ்ஸும் நின்றிருந்தது. மொத்தப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்கடசாமி தன் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான். போதும் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

இனி கம்பெனி இருக்கிற அந்த ரோட்டில் எந்தப் பட்டறையிலும் எனக்கு வேலை கிடைக்காது. மேஸ்திரி அதைச் சொல்லித்தான் அனுப்பினார்.

உன் வீட்டில் நடந்ததைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். அப்பாவிடமும் வந்திருந்த ஊர்க்காரர்களிடமும் நடந்ததைச் சொல்லி முடித்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு நீ என் முன்னால் வந்து உட்கார்ந்து துண்டை எடுத்துவிட்டு, "பாரு" என்றாய். பதினாலு மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். போலீசுக்குக்கூட அவ்வளவு பயமில்லை.

பார்த்தேன். நடுவிரல் இருந்த இடத்தில் ஏர்க்கைப்பிடி உரசிப் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. தினமும் அந்த மாதிரிப் புண்ணுக்குத்தான் சட்டி பிடிக்கிறேன். செல்வம்மாளிடம் வெந்நீரும் உப்பும் கேட்டேன். நீ கையை இழுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. கழுவி முடிக்கும்வரை நான் செபம் எதுவும் சொல்லவில்லை. மனதில் ஒன்றும் ஓடவில்லை. உன் கை இருந்தது, தண்ணீர் இருந்தது. எட்டு மாதமாகக் கோயில் தரையில் உட்கார்ந்து வராதது உன் வீட்டு முற்றத்தில் ஒரு அரை மணி வந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கட்டுத்துணியை மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்று. கைப்பிடியில் துணி சுற்றிக்கொள்.

அற்புதராஜ்


தொரப்பள்ளி
17-11-1968

அற்புதம்,

உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது, பதில் எழுதவில்லை. கோபத்தால் இல்லை. சில நாள் கோபத்தாலும்தான்.

சேலத்திலிருந்து காகிதம் வந்தது. பழையதை அடித்துவிட்டு, சைகை இல்லாமல் இயந்திரம் இயக்கப்பட்டது, பாதுகாப்புக் கூண்டு அகற்றப்பட்டிருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். கவனக்குறைவு என்ற வார்த்தை இல்லை. அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடை, சந்தை, மைத்துனர் வீடு என்று எல்லா இடத்திலும் படித்துக் காட்டச் சொன்னார். மடிப்பு கிழிந்துவிட்டது. உன்மேல் கேஸ் எதுவும் போடவில்லை என்றும் கேள்விப்பட்டேன். நல்லது.

எல்லா பிரஸ்ஸுக்கும் கூண்டு மாட்டிவிட்டார்கள். அதற்குக் கம்பெனியில் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேள். வேலை மெதுவாகிறது, கூலி குறைகிறது என்று ஆட்கள் என்னைத்தான் திட்டினார்கள். வெங்கடசாமியும் திட்டினான். சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அவரைச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். வரப்பில் ஒருவன் ஓட்டமும் நடையுமாக வந்தான். பார்த்தால் வெங்கடசாமி. சட்டையெல்லாம் எண்ணெய். ஷிப்டு முடியும் முன்பே வந்திருக்கிறான். தகடு சிக்கியிருக்கிறது. சுவிட்சில் நிற்பவன் பார்க்காமல் போட்டுவிட்டான். இவன் அவசரத்தில் கையை விடப் போனவன், கூண்டில் முட்டி நின்றுவிட்டான். கண் முன்னால் பிரஸ் இறங்கியதைப் பார்த்திருக்கிறான்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னான். சேற்றில் நின்றபடி இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினான். விரல் முட்டியில் கொஞ்சம் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். "அண்ணா, பாருண்ணா" என்று அழுதான். நான் வாய்க்காலை அடைக்காமல் நின்றுவிட்டேன். தண்ணீர் பக்கத்துப் பாத்தி முழுதும் பாய்ந்துவிட்டது.

அவன் போன பிறகு வெகுநேரம் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீயும் நர்ஸ் அம்மாவும் உட்காருவது இதுதானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு உங்கள் ஆண்டவரைத் தெரியாது. எங்கள் முனீஸ்வரனிடமும் நான் அதிகம் கேட்கிறவன் இல்லை. ஆனால் அன்றைக்கு வேறு யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. பேசத் தோன்றவில்லை. இல்லாத விரல் வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்லி செல்வம்மாள் பக்கத்திலிருந்து சொல்கிறாள். அப்படி எழுதினால் அது ஒரு நாளைக்கு உண்மையாக இருக்கும், மறுநாள் பொய்யாகும். நமக்குள் பொய் போதும். அன்று முழுக்க உன்மேல் கோபம் வரவில்லை. மறுநாள் குடத்தைத் தூக்கும்போது நழுவி உடைந்தது, உடனே வந்தது. இன்றைக்கு இல்லை.

ராகி அறுப்புக்கு நிற்கிறது. ஆள் கிடைக்கவில்லை. இடது கையால் நான் அறுப்பேன். கட்டுக் கட்ட எனக்கு ஆள் வேண்டும். நர்ஸ் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பத்து நாளைக்கு வா. நீ வருகிற அன்று என் கோபம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால் பேச மாட்டேன். நீ பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு வயலுக்கு வா. பக்கத்து வரிசையில்தான் இருப்பேன்.

முனிவேல்